வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள்!



சென்ற ஆண்டு கார்த்திகை மாதம் எனக்கு நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். தீபத் திருவிழாவுக்குக் கொடியேற்றிய வாரம். திருவண்ணாமலையில் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மாலை ஆறு மணி தாண்டிவிட்டது. மதியத்தில் இருந்து விடாத மழை. மரத்தடியில் நிறுத்தியிருந்த மொபெட்டை எடுத்துக் கிக்கரை உதைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. பத்து உதை, இருபது உதை. கால் மரத்துப் போனதுதான் மிச்சம்.

வழியில் போன ஒருவர் நின்று, "பிளக்கு போயிருக்கும்மா" என்றார். இன்னொருவர், "பிளக்கு இல்ல, கார்பரேட்டர் அடைச்சிருக்கும்" என்றார். மூன்றாவது ஆள், "லேடீஸ் கையில வண்டியைக் குடுத்தா இப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போனார். வண்டியைத் தள்ளிக்கொண்டே போய் ஒரு மெக்கானிக் கடையில் விட்டேன். பஸ் பிடித்து வீடு வந்து சேர இரவு ஒன்பதரை. மறுநாள் காலை சொசைட்டிக்குப் பால் கொண்டுபோக முடியவில்லை. மதியம் போய்க் கேட்டால் 850 ரூபாய் ஆச்சு என்றார். "என்ன ரிப்பேர்ண்ணா?" என்றேன். "எல்லாம் பாத்துட்டேம்மா, இனிமே வராது" என்றார். என்னத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மழையில் மறுபடியும் அதே கதை. நல்லவேளை, இந்த முறை வீட்டு வாசலிலேயே மக்கர் செய்தது. ஐ.டி.ஐ. படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்தாள். பிளக்கின் மேலிருந்த ரப்பர் மூடியைப் பிடுங்கினாள். காய்ந்த துணியால் உள்ளேயும் வெளியேயும் துடைத்தாள். திரும்ப அழுத்தி மாட்டினாள். இரண்டாவது உதையில் வண்டி ஸ்டார்ட்! "தண்ணி பூந்திருந்தது அத்தை, அவ்ளோதான்" என்றாள்.

அன்று எனக்கு மெக்கானிக் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் அதிகம். குழுவில் கடன் வாங்கினேன். லைசென்ஸ் எடுத்தேன். ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்த வண்டி எதனால் ஓடுகிறது என்று ஒரு நாளும் யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணிடமும், எங்கள் ஊரில் பொறுமையாகச் சொல்லித்தரும் ஒரு மெக்கானிக் அண்ணனிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நமக்கு எதற்கு இது?

1989இல் தர்மபுரி மாவட்டத்தில் முதல் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்தில் கூட்டத்துக்கும் பேங்குக்கும் நடந்தும் பஸ்ஸிலும்தான் போனார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கேலி பேசியவர்கள் வாயை மூடினார்கள். ஓசூரில் 1980 முதல் தயாரான டி.வி.எஸ். 50 மொபெட், முதலில் ஆண்கள் வண்டியாகத்தான் ஊருக்குள் வந்தது. பிறகு மெல்ல மெல்ல நம் கைக்கும் வந்தது. 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், உழைக்கும் மகளிருக்கு வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியமாகக் கிடைத்தது. அதில் வண்டி வாங்கிய சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இன்றைக்கு வண்டி நமக்கு அலங்காரப் பொருள் இல்லை. காலையில் பால், அப்புறம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சந்தைக்குப் பூவும் காய்கறியும், அறுவடை நேரத்தில் மல்லாட்டை மூட்டை என்று எல்லாம் அதன் மேல்தான். வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி நிற்கிறது. ஆனால் தவணை நிற்பதில்லை. கடன் வாங்கி வாங்கிய பசுவுக்கு மடிநோய் வந்தால் அடையாளம் தெரிந்து வைத்திருக்கிறோமே, அதுபோல வண்டிக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

அடுப்பும் எஞ்சினும் ஒன்றுதான்

விறகடுப்பு எரிய என்ன வேண்டும்? விறகு, காற்று, நெருப்பு. விறகு ஈரமாக இருந்தால் புகையும். காற்று போக வழி இல்லாமல் திணித்தால் அணையும். தீக்குச்சி நமுத்துப் போனால் பற்றவே பற்றாது.

எஞ்சினும் அப்படித்தான். பெட்ரோல்தான் விறகு. ஏர் பில்டர் வழியாகக் காற்று போகிறது. பிளக்கில் பளிச்சென்று வெட்டும் பொறிதான் தீக்குச்சி. கிக்கரை உதைப்பதோ, செல்ப் பட்டனை அழுத்துவதோ, ஊதுகுழலால் ஊதி அடுப்பைக் கிளப்பிவிடுவது மாதிரி. எஞ்சினைச் சுற்றிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது.

ஆகவே வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கேள்வி மூன்றுதான். பெட்ரோல் வருகிறதா? நெருப்பு வருகிறதா? காற்று போகிறதா? இந்த மூன்றில் ஒன்று குறைகிறது. காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் பார்க்க வேண்டும். செலவு வைக்கக்கூடியதைக் கடைசியில் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மட்டும் மறக்காதீர்கள்.

உதைப்பதற்கு முன் ஒரு நிமிடம்

சிரிக்காதீர்கள்! ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் பல, ரிப்பேரே இல்லாத வண்டிகள். முதலில் இவற்றைப் பாருங்கள்:

• சாவி முழுதாகத் திரும்பி 'ஆன்' நிலையில் இருக்கிறதா?

• கைப்பிடிக்குப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச் சில வண்டிகளில் உண்டு. பிள்ளைகள் விளையாட்டாக அதைத் தட்டிவிட்டிருப்பார்கள். அது 'ஆஃப்' ஆக இருந்தால் நாள் முழுக்க உதைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

• சைடு ஸ்டாண்டு கீழே இருக்கிறதா? புது வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. அது நம் பாதுகாப்புக்காகச் செய்தது.

• ஸ்கூட்டரில் செல்ப் போடும்போது பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டும். பைக்காக இருந்தால் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், இல்லை கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும்.

இத்தனையும் சரி என்றால் மேலே போவோம்.

முதல் கேள்வி: பெட்ரோல் வருகிறதா?

டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். வண்டியை ஆட்டினால் 'சலக் சலக்' என்று சத்தம் கேட்க வேண்டும். பெட்ரோல் முள்ளை மட்டும் நம்பாதீர்கள், அது சில நேரம் பொய் சொல்லும். இருட்டில் பார்க்கும்போது தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ கொளுத்தவே கூடாது. டார்ச் அல்லது செல்போன் வெளிச்சம் போதும்.

டேங்குக்கு அடியில் பெட்ரோல் திருகு இருக்கும் வண்டியில் அது 'ஆஃப்' ஆக இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் குறைவாக இருந்தால் ரிசர்வுக்குத் திருப்புங்கள். ரிசர்வில் போட்டதை பங்கில் பெட்ரோல் அடித்ததும் மறக்காமல் திருப்பி 'ஆன்' செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை ரிசர்வும் இல்லாமல் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

ஒரு சின்ன ரகசியம். டேங்க் மூடியில் காற்று போக ஊசி முனை அளவில் ஒரு துளை உண்டு. அது மண்ணால் அடைத்துக்கொண்டால் பெட்ரோல் கீழே இறங்காது. கவிழ்த்த பாட்டிலில் காற்று போகாவிட்டால் தண்ணீர் விட்டு விட்டு வருமே, அது மாதிரி. வண்டி ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் போகும், நிற்கும். இப்படி நடந்தால் மூடியை ஒரு முறை திறந்து மூடிப் பாருங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி அந்தத் துளைதான். சுத்தம் செய்துவிடுங்கள்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கார்பரேட்டர் வண்டிக்கு சோக் போட வேண்டும். எஞ்சின் சூடானதும் சோக்கை எடுத்துவிட வேண்டும். சோக் போட்டபடியே ஓட்டினால் பெட்ரோலும் வீண், பிளக்கும் கரி பிடிக்கும்.

சரி, அளவுக்கு மேல் பெட்ரோல் போய்விட்டால்? அதுவும் பிரச்சனைதான். ஸ்டார்ட் ஆகவில்லை என்ற பதற்றத்தில் நாம் சோக்கையும் போட்டு, ஆக்சிலேட்டரையும் முறுக்கி முறுக்கி உதைக்கிறோம். உள்ளே பெட்ரோல் நிறைந்து பிளக் நனைந்துவிடுகிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'ஓவர்' ஆகிவிட்டது என்கிறார்கள். பெட்ரோல் வாடை குப்பென்று வரும். அப்போது செய்ய வேண்டியது இது. சோக்கை எடுங்கள். பெட்ரோல் திருகை மூடுங்கள். ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு ஆறேழு முறை உதையுங்கள். உள்ளே இருக்கும் பெட்ரோல் வெளியேறிவிடும். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை உடனே குறைத்து, திருகைத் திறந்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி: நெருப்பு வருகிறதா?

மொபெட்டில் பிளக் எஞ்சின் தலையில் வெளியிலேயே தெரியும். கறுப்பு ரப்பர் மூடியும் அதிலிருந்து போகும் தடித்த வயரும் அடையாளம். ஸ்கூட்டரில் கவருக்குள் ஒளிந்திருக்கும். எங்கே இருக்கிறது என்று சர்வீஸ் விடும்போதே ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மூடி தளர்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிடுங்கி, துடைத்து, 'டக்' என்று உட்காரும்படி அழுத்தி மாட்டுங்கள். என் 850 ரூபாய்க் கதையில் வேலை இவ்வளவுதான்.

அதிலும் ஆகவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக் ஸ்பேனரை மாட்டி இடப்பக்கமாகத் திருப்பினால் கழன்று வரும். அதன் நுனியைப் பார்த்தால் எஞ்சினின் நாடியைப் பிடித்துப் பார்த்த மாதிரி:

• செங்கல் பொடி போலப் பழுப்பு நிறம் என்றால் எஞ்சின் நலம்.

• காய்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது காற்று குறைவு.

• பெட்ரோலில் நனைந்திருந்தால் 'ஓவர்' ஆகியிருக்கிறது, அல்லது நெருப்பு வரவில்லை.

• எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் உள்ளே ஆயில் எரிகிறது. பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டில் பெட்ரோலோடு ஆயிலைக் கூடுதலாகக் கலந்தாலும் இப்படி ஆகும். "கொஞ்சம் சேத்து ஊத்தினா எஞ்சினுக்கு நல்லது" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுதான் சரி.

கரியைப் பழைய டூத் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் மெல்லத் தேய்த்து, துணியால் துடைத்து மாட்டுங்கள். பிளக் நுனியில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். அதைக் கத்தியால் நெம்பிப் பெரிதாக்கிவிடாதீர்கள். திரும்ப மாட்டும்போது முதலில் கையாலேயே மரை பிடிக்கும் வரை திருகுங்கள். பிறகுதான் ஸ்பேனர். வம்பாக இறுக்கினால் எஞ்சின் தலையில் மரை போய்விடும். நூறு ரூபாய் வேலை ஆயிரக்கணக்கில் இழுத்துவிடும்.

பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று கடைகளில் எஞ்சின் மேல் பிளக்கை வைத்து உதைத்துப் பார்ப்பார்கள். நீல நிறத்தில் பளிச்சென்று வெட்டினால் நல்லது. சிவப்பாக மங்கலாக வெட்டினால் பலம் இல்லை. இந்தச் சோதனையை நாம் தனியாகச் செய்ய வேண்டாம். அதில் வருவது ஆயிரக்கணக்கான வோல்ட். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் தீப்பிடிக்கும். மெக்கானிக் செய்யும்போது கூட நின்று பாருங்கள், அது போதும்.

மூன்றாவது கேள்வி: காற்று போகிறதா?

நம் கிராமத்து மண் ரோட்டில் ஓடும் வண்டியின் ஏர் பில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். களம் அடிக்கும் காலத்தில் கேட்கவே வேண்டாம். வண்டி ஸ்டார்ட் ஆகச் சிணுங்கும், கறுப்புப் புகை தள்ளும், மைலேஜ் குறையும்.

ஸ்பாஞ்ச் பில்டர் என்றால் மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து காயவைத்து மாட்டலாம். பேப்பர் பில்டரைத் தண்ணீரில் அலசக் கூடாது. சில ஸ்கூட்டரில் பிசுபிசுப்பாக எண்ணெய் தடவிய பேப்பர் பில்டர் வரும். அதைச் சுத்தம் செய்யவே கூடாது, புதிது மாற்ற வேண்டும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு எதிரி எலி. மாட்டுக் கொட்டகையிலும் நெல் மூட்டைக்குப் பக்கத்திலும் நிறுத்தும் வண்டியில் எலி குடியேறி வயரைக் கடித்துவிடும். திடீரென்று ஒரு நாள் லைட், ஹாரன், செல்ப் எதுவும் இல்லை என்றால் வயரையும் பாருங்கள்.

செல்ப் போட்டால் 'டிக் டிக்' என்கிறதா?

அது பேட்டரியின் பேச்சு. ஹாரனை அடித்துப் பாருங்கள். சளி பிடித்த குரலில் கத்தினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. கார்பரேட்டர் வண்டியாக இருந்தால் கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டு போகலாம்.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தாலும் கரண்ட் சரியாகப் போகாது. சாவியை எடுத்துவிட்டு முதலில் மைனஸ் வயரை, பிறகு பிளஸ் வயரைக் கழற்றுங்கள். வெந்நீர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். மேலே லேசாக வாசலின் தடவினால் மறுபடி சீக்கிரம் பூக்காது. வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

'டிக்' சத்தம்கூட இல்லை, லைட்டும் இல்லை என்றால் பியூஸ் போயிருக்கலாம். அதே அளவு பியூஸைத்தான் போட வேண்டும். சாக்லேட் பேப்பரைச் சுற்றிப் போட்டால் வயர் எரியும், வண்டியே எரிந்தாலும் எரியும்.

செல்ப் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். விட்டு, பத்து விநாடி பொறுத்து மறுபடி அழுத்துங்கள். விடாமல் அழுத்தினால் மிச்சம் இருக்கிற பேட்டரியும் தீர்ந்துவிடும்.

2020க்குப் பிறகு வாங்கிய வண்டியா?

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதிலிருந்து வந்த மொபெட், ஸ்கூட்டர், பைக் பெரும்பாலும் கார்பரேட்டர் இல்லாதவை. ஒரு சின்ன கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கிறது. இந்த வண்டிக்குப் பழைய வைத்தியம் செல்லாது. சோக் கிடையாது. ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு ஸ்டார்ட் செய்யத் தேவை இல்லை.

சாவியைப் போட்டதும் இரண்டு மூன்று விநாடி 'உய்ங்ங்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். அது பெட்ரோல் பம்ப்பின் சத்தம். அது அடங்கிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். அந்தச் சத்தமே கேட்கவில்லை என்றால் பேட்டரி, பியூஸ், பம்ப் இவற்றில் ஒன்றில் கோளாறு. பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் கிக்கர் இருந்தாலும் இந்த வண்டி ஸ்டார்ட் ஆவது கஷ்டம். பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கி இருப்பது. அடிக்கடி டேங்கைக் காயவிட்டால் பம்ப் கெட்டுப் போகும். ஆகவே ஐம்பது ரூபாய்க்கு மட்டும் அடிக்கிற பழக்கத்தை இந்த வண்டிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு, ஸ்டார்ட் ஆன பிறகும் அணையவில்லை என்றால் சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். பிளக்கைக் கழற்றிப் பொறி பார்ப்பது, வயரைப் பிடுங்கிப் பார்ப்பது வேண்டாம். கம்ப்யூட்டர் போனால் செலவு பெரிது.

மழையும் தீபமும்

நம் திருவண்ணாமலையில் மழையும் தீபமும் சேர்ந்தே வரும். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பூ, டீ, பொரி என்று கடை போடும் சகோதரிகள் வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு மறுநாள்தான் எடுக்கிறார்கள். ராத்திரி முழுக்க நனைந்த வண்டி காலையில் மக்கர் செய்யத்தான் செய்யும்.

• சீட்டையும் டேங்க் மூடியையும் பாலிதீன் தாளால் மூடிக் கட்டுங்கள். சூடான சைலன்சரில் தாள் படாமல் பாருங்கள்.

• இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். மழையில் டேங்கைத் திறந்து வைக்காதீர்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் பெட்ரோலை உள்ளே விட்டு வைக்காதீர்கள்.

• தரைப்பாலத்தில் வெள்ளம் சைலன்சருக்கு மேல் போனால் வண்டியை விடாதீர்கள். உள்ளே மாட்டி நின்றுவிட்டால் அங்கேயே உதைக்காதீர்கள். மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து மெக்கானிக்கை அழையுங்கள். தண்ணீர் எஞ்சினுக்குள் போயிருந்தால் உதைக்க உதைக்கக் கெடுதல்தான்.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது?

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறவர் இல்லை. எனக்குச் சொல்லித்தந்தவரும் மெக்கானிக்தான். ஆனால் நாம் ஒன்றும் தெரியாதவர் போல நின்றால் கேள்வி கேட்க முடியாது. "வண்டி ஸ்டார்ட் ஆவல, பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அண்ணா, பெட்ரோல் இருக்கு. பிளக்கு கழட்டிப் பாத்தேன், ஈரமா இருக்கு. தொடச்சி மாட்டினேன், அப்பவும் ஸ்டார்ட் ஆவல. ஹாரன் நல்லா அடிக்குது. நெருப்பு வருதான்னு பாருங்க."

இதைக் கேட்டதும் அவர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும். வேலையும் பாதி குறையும். மூன்று விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள்:

1. வேலை தொடங்கும் முன், "எவ்வளவு ஆகும்? அதுக்கு மேல போனா போன் பண்ணிக் கேட்டுட்டு செய்யுங்க."

2. "மாத்தின பழைய சாமானைக் குடுத்துடுங்க." பழைய பிளக் கைக்கு வந்தால்தான் புதிது போட்டதற்கு அடையாளம்.

3. "என்ன மாத்தினீங்கன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க." தேதியோடு வாங்கி வையுங்கள். தீர்மான நோட்டும் ரொக்க ஏடும் எழுதத் தெரிந்த நமக்கு வண்டிக்கு ஒரு நோட்டுப் போடுவது பெரிய வேலையா?

கிக்கர் காற்றில் உதைக்கிற மாதிரி எதிர்ப்பே இல்லாமல் இறங்கினாலோ, எஞ்சினுக்குள் இரும்பு இடிக்கும் சத்தம் வந்தாலோ, பெட்ரோல் சொட்டினாலோ நாமாக எதையும் கழற்றக் கூடாது. அது மெக்கானிக் வேலை.

இருட்டில் தனியாக நின்றுவிட்டால்

ரிப்பேர் அப்புறம், நாம் முதலில். வண்டியை ரோட்டை விட்டு ஓரம் தள்ளுங்கள். வீடு, கடை, பங்க் என்று வெளிச்சம் உள்ள இடம் வரை தள்ளிக்கொண்டு போங்கள். வீட்டுக்கும் குழுவில் ஒருவருக்கும் போன் செய்து எந்த இடம் என்று சொல்லுங்கள். பயமாக இருந்தால் தயங்க வேண்டாம். பெண்கள் உதவி எண் 181, அவசர உதவிக்கு 112. வண்டியைப் பூட்டிவிட்டு வந்தால் நாளை எடுத்துக்கொள்ளலாம்.

சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டியவை

பிளக் ஸ்பேனர், ஒரு புதிய பிளக் (உங்கள் வண்டிக்கு உரிய நம்பர்), காய்ந்த துணி, சிறு துண்டு உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், சின்ன டார்ச், ஒரு பாலிதீன் பை, ஒரு பியூஸ். எல்லாம் ஒரு பழைய கைப்பையில் அடங்கிவிடும். பெட்ரோலை மட்டும் பாட்டிலில் வைத்துச் சீட்டுக்கு அடியில் போடாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் செய்யுங்கள்

சேமிப்பு, கடன் வசூல் முடிந்ததும் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு சகோதரியின் வண்டியை நடுவில் நிறுத்துங்கள். எஞ்சின் ஆறியதும் ஒவ்வொருவரும் ஒரு முறை பிளக் மூடியைப் பிடுங்கித் துடைத்து மாட்டுங்கள். கார்பரேட்டர் வண்டியாக இருந்தால் பிளக்கையும் ஒரு முறை கழற்றி மாட்டுங்கள். கையில் கரி படட்டும், பரவாயில்லை. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரும் கை பழகினால் மறக்க மாட்டார். வண்டி ஓட்டாதவர்களும் பழகட்டும். மகள் ஓட்டுவாள், மருமகள் ஓட்டுவாள்.

இந்தக் கார்த்திகையில் மழை வரும். என் மொபெட்டும் எங்கேயாவது நிற்கும். மறுபடியும் யாராவது, "லேடீஸ் கையில வண்டியைக் குடுத்தா..." என்று தொடங்குவார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் வண்டியைக் கிளப்பிவிடுவேன் என்று நினைக்கிறேன். நீங்களும்தான்!

நினைவில் வையுங்கள்: பெட்ரோல், நெருப்பு, காற்று. பார்த்துவிட்டு உதைப்போம்; கேட்டுவிட்டுக் காசு கொடுப்போம்!